வாங்க என்று கேட்கிற வேலை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் அம்மா என்னை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டு, பூக்காரியிடம் ஏதோ பேசப் போய்விட்டார். "வாங்க" என்று ஒரு வார்த்தை இல்லை. வந்த வழியே திரும்பி, பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்றைக்கும் அந்த வீட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். காரைக்குடிப் பக்கம் வந்து கொஞ்ச நாள் இருந்து பார்த்தால் புரியும். இங்கே சாம்பாரில் உப்புக் குறைந்தால் மன்னிப்பார்கள். மேளக்காரர் தூங்கி வழிந்தால் மன்னிப்பார்கள். வாசலில் ஓர் ஆள் நின்று, முகத்தைப் பார்த்து வாங்க என்று கேட்கவில்லையா (வரவேற்பதைக் கேட்பது என்றுதான் நாங்கள் சொல்வோம்), தீர்ந்தது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், "அன்னைக்கு எங்களை ஒரு வார்த்தை வாங்கன்னு கேட்டீகளா?" என்று அதே சூட்டோடு சண்டைக்கு வருவார்கள். நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கு மட்டும் வேறு ரத்தமா ஓடும்?

இந்த வியாதி ஒருநாள் தொழிலில் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது என் தொழில். தேடிக் கொடுத்துவிட்டு, அந்த வேலை நிலைக்கிறதா என்று பின்னாலேயே ஸ்கூட்டியில் அலைவதும் சேர்த்தி. அதற்கு முன்னால் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வரன் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அங்கே மாப்பிள்ளைக்குத் தலைமேல் என்ன இல்லையோ அதை மறைப்போம். இங்கே தலைக்குள் என்ன இல்லையோ அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னதும் முதலாளிமார்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். "கிறுக்கா?" என்பார்கள். இல்லைங்க, விபத்துல அடிபட்டவர் என்றால், "கடிக்க மாட்டாருல்ல?" என்பார்கள். சத்தியமாக ஒருவர் அப்படித்தான் கேட்டார். நான் கடித்துவிடாமல் வந்தது அவர் செய்த புண்ணியம்.

இப்போது நான் சொல்லப்போகிறவர் ஒரு தச்சர். சமையலறை அலமாரி, பீரோ, கட்டில் என்று பிளைவுட்டில் எல்லாம் செய்வார், நல்ல கைராசிக்காரர் என்று பெயர். பிள்ளையார்பட்டி ரோட்டில் வண்டியில் போகும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய் தப்பித்துவிட்டது. ஹெல்மெட்டும் தப்பித்துவிட்டது, ஏனென்றால் அது பெட்ரோல் டாங்கின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் கிடையாது. அவர்கள் வீட்டு ஆணியில் அது புத்தம் புதுசாகத் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் முழுசாகத்தான் திரும்பி வந்தார். கை கால் நன்றாக இருந்தன. பேச்சு, சிரிப்பு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற மரியாதை எல்லாம் அப்படியே இருந்தன. பழசெல்லாம் ஞாபகம் இருந்தது. புதுசாக எதுவும் ஒட்டவில்லை, அவ்வளவுதான். இப்போது சொன்னது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போய்விடும். ஆனால் ஒன்று. தினமும் ஒரே மாதிரி செய்துகொண்டே வந்தால், அந்தப் பழக்கம் மட்டும் எப்படியோ உடம்பில் ஏறிவிடும். சொன்னது நிற்காது, செய்தது நிற்கும் என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டுதான் இவரை மாதிரி ஆட்களுக்கு நான் வேலை தேடுவேன்.

பழைய பட்டறையிலேயே முதலில் சேர்த்துவிட்டேன். ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் கீல் அடித்தார், டீ குடிக்கப் போனார், வந்து அந்தப் பக்கமும் கீல் அடித்தார். வேலைப்பாடு அற்புதம். ஆனால் அது கதவு இல்லை, சுவர். அடுத்து பிள்ளையார்பட்டியில், கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார வைத்தேன். யார் எதைக் கை காட்டினாலும் சிரித்தபடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். முதலில் வந்தவர்கள் நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக வந்தவருக்கு மிஞ்சியது இரண்டு இடது கால் செருப்பு. அந்த வேலை ஒரு காலைப் பொழுதோடு முடிந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதைதான். அவர் மனைவிக்கு இல்லை. அந்தப் பெண் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இவரைத் தனியாக வீட்டில் விட முடியாது. அடுப்பைப் பற்ற வைப்பார், எதற்குப் பற்ற வைத்தோம் என்று மறந்து தெருவுக்குப் போய்விடுவார். அவருடைய அண்ணன் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். "என்கிட்ட விட்டுரு, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனுஷர் இல்லை, வேளாவேளைக்குச் சோறு போட்டார். ஆனால் தம்பி எங்கேயாவது தொலைந்து போய்விடுவான் என்று பயந்து, கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மனைவி பார்க்கப் போன அன்றைக்கு, இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போகிறவர்களிடம், "இந்தக் கதவைத் தெறந்து விடுறீகளா? யாரோ தெரியாமப் பூட்டிட்டாக" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே கேள்வி. அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தத் தடவை வேலை நிக்கலைன்னா அண்ணன் வீடுதான்க்கா" என்றாள் என்னிடம். "நான் கடைக்குப் போகாம முடியாது. அவரைப் பூட்டி வைக்கிறதையும் என்னால பாக்க முடியாது." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் உள்ளே நுழைந்ததும், "வாங்கக்கா, வாங்க வாங்க! ஏன் நிக்கிறீக, உக்காருங்க" என்று கேட்டிருந்தார். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். "வாங்கக்கா! எப்ப வந்தீக? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" போன் வந்தது என்று வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். "அடடே, வாங்கக்கா வாங்க! காப்பி குடிக்கிறீகளா?" ஒவ்வொரு தடவையும் முகம் அப்படியே மலர்கிறது, ஏதோ நான் வரமாட்டேனா என்று காலையிலிருந்து காத்துக்கிடந்தவர் மாதிரி. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு குறை கண்டுபிடிக்கிற எனக்கு, அந்த வீட்டில் மட்டும் கோபமே வராது. ஏன் வரவில்லை என்று காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தேன். அட, இதுதானே இவருக்கு வேலை!

நேரே எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண மண்டப முதலாளியிடம் போனேன். அவர் போன முகூர்த்தத்தில் நடந்த சண்டையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். "பொண்ணைப் பெத்தவன் மேடையில நிக்கிறான், பையனைப் பெத்தவன் பந்தியில நிக்கிறான். வாசல்ல நின்னு யாருத்தா வாங்கன்னு கேக்குறது? சந்தனம் குடுக்க நிக்கிற பிள்ளைக செல்போனைப் பாத்துக்கிட்டு நிக்குதுக. கடைசியில என் மண்டபத்துக்குத்தான் கெட்ட பேரு."

"நான் ஆளு தாரேன்ணே" என்றேன்.

"என்ன குறை அவருக்கு?" என் தொழில் அவருக்குத் தெரியும்.

"புதுசா எதுவும் ஞாபகத்துல நிக்காது."

"அப்ப ஒரு தடவை கேட்ட ஆளையே மறுபடியும் வாங்கன்னு கேப்பாரே?"

"கேப்பாருண்ணே."

முதலாளி மோட்டுவளையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது ஒரு குறையா, ஆத்தா?" என்றார்.

வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. முதல் சில முகூர்த்தங்களுக்கு நானும் கூடவே நின்றேன். நான் ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கை கூப்பி, கொஞ்சம் குனிந்து, "வாங்க வாங்க! பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? ரொம்பச் சந்தோசம். சாப்பிட்டுத்தான் போகணும்!" கை கழுவிவிட்டு வந்த கிழவரை மறுபடியும் கேட்டார். வெற்றிலை துப்பிவிட்டு வந்தபோது இன்னொரு தடவை. கிழவர் தன் பெண்டாட்டியிடம், "பாத்தியா, நமக்கு இருக்குற மரியாதைய" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அதற்கப்புறம் அந்த மனுஷர் உள்ளே உட்காரவே இல்லை. வெளியே போவார், வருவார். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத பங்காளிகள் இரண்டு பேர் ஒரே கல்யாணத்துக்கு வந்தார்கள். "அவனை விட என்னைத்தான் ஆசையாக் கேட்டாரு" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கரண்ட் மீட்டரில் என்னவோ கோளாறு என்று அதட்டலாக வந்த அதிகாரியையும் பாயசம் வரை உட்கார வைத்துவிட்டார். முதலாளியே காலையில் தன் மண்டபத்துக்குள் நுழையும்போது, "வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கேட்கப்பட்டார். முதலில் முறைத்தார். பிறகு பழகி, அதற்காகவே சீக்கிரம் வர ஆரம்பித்தார் என்பது என் சந்தேகம்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பந்திக்கும் போய் உட்கார்ந்துவிடுவார், முந்தின பந்தியில் சாப்பிட்டது தெரியாது. சமையல்காரர் என்னிடம் முறையிட்டார். சாப்பிட்டதும் சரிகைத் துண்டை எடுத்துவிட்டுச் சிவப்புத் துண்டு போடுவோம், அதைப் பார்த்தால் சாப்பிட்டாச்சு என்று அவருக்கே தெரியட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தேன். ரொம்பப் பெருமையாகத்தான் செய்தேன். அவர் அந்தத் துண்டைப் பார்த்து, இது யாரோ விட்டுவிட்டுப் போனது என்று மண்டபம் முழுவதும் ஆள் தேடினார். கடைசியில் பரிமாறுகிற அம்மாள்தான் சுலபமாக முடித்தார். "தம்பி, நீங்க சாப்பிட்டாச்சு" என்றார். "அப்படியா? நல்லா இருந்துச்சாக்கா?" என்று இவர் கேட்டார். "ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொன்னீக." "அப்பச் சரி" என்று வாசலுக்குப் போய்விட்டார்.

முகூர்த்தம் இல்லாத நாளிலும் தினமும் போவார். நாற்காலி துடைப்பார், மண்டபம் பார்க்க வருகிறவர்களைக் கேட்பார். மாசங்கள் ஓடின. காலையில் யாரும் சொல்லாமலே எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டபடி வாசலில் நிற்க ஆரம்பித்தார். மனைவி தன் கடைக்குப் போகிற வழியில் விட்டுவிட்டுப் போவாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஆபீஸில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்த வேன் வந்தது.

மண்டப முதலாளி பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். நெற்குப்பைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வயதான மனிதர் ஒருவர் இறந்துவிட்டார். நாற்காலி ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. டிரைவர் வேலையாட்களைப் பார்த்து, "ஏறுங்கப்பா ஏறுங்க" என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற நம்ம ஆளும் ஏறிவிட்டார். ஏறச் சொன்னால் ஏறுவார்தானே? சரிகைத் துண்டோடு ஓர் ஆள் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாரே என்று டிரைவருக்குத் தோன்றவில்லை.

முதலாளி எனக்குப் போன் செய்தபோது அவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை. "ஏத்தா, ஒன் ஆளு... துஷ்டி வீட்டு வாசல்ல நின்னு... வாறவுகளை எல்லாம் வாங்க வாங்கங்குறாராம்!"

எங்கள் பக்கம் சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்க மாட்டார்கள். கேட்கவே கூடாது. வருகிறவர் பேசாமல் வந்து, வீட்டு ஆண்களின் கையைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்றும் சொல்லக் கூடாது. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கல்யாணத்தில் அந்த வார்த்தை இல்லை என்றால் எவ்வளவு கோபம் வருமோ, சாவில் அந்த வார்த்தை வந்தால் அதைப் போல இரண்டு மடங்கு வரும்.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தால், பந்தலுக்கு முன்னால் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கும்பிட்டபடி நிற்கிறார். "வாங்க வாங்க! ரொம்பச் சந்தோசம்! எல்லாரும் ஒண்ணா வந்துட்டீக போல! பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" மாலையோடு வந்த ஒரு பெரியவர் தடுமாறிப்போய், கொஞ்சம் யோசித்து, "மாப்பிள்ளை வீடு" என்றார். செத்தவருடைய மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாம் அவர், அந்தக் கணக்கில் சரிதான். ஒருவர் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சோகமாக்கினார். சங்கு ஊத வந்தவரிடம், "மேடை அங்குட்டு இருக்கு, தவிலுக்காரர் வந்துட்டாரா?" என்று விசாரித்திருக்கிறார். அடுப்பே பற்ற வைக்காத வீட்டின் வாசலில் நின்று, சாப்பிட்டுத்தான் போகணும் என்று ஊரையே பந்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நேரம் ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். மகன்கள் இவரை மருமகன் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். மருமகன்கள் மகன்கள் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். சாவு வீட்டில் சம்பந்தக்காரரைக் கையைப் பிடித்து இழுத்தால் அது வேறு சண்டையாகிவிடும் என்று இரண்டு பக்கமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "வாங்கக்கா! நீங்களும் வந்துட்டீகளா?" என்று முகம் மலர்ந்தது. இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பந்தலைப் பார்த்துக் கை கூப்பி, சத்தமாக, "அப்ப நாங்க போயிட்டு வாரோம்! அடிக்கடி இப்படி எல்லாரும் கூடணும்!" என்றார். செத்தவரின் மூத்த மகன் அப்போதுதான் வாசலுக்கு வந்தார். அவர் முகம் போன போக்கை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். வழியெல்லாம் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. இந்த வேலை போனது என்று எனக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. அரியக்குடிப் பக்கம் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுட்டுப் போவோமாக்கா என்று உற்சாகமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மூத்த மகன் அன்றைக்கே முதலாளியைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்தினால்தான் ஆச்சு என்றார். அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று அதே மண்டபத்தில் பேசி வைத்திருந்தது. முதலாளிக்கு வேறு வழி இல்லை. மறுநாள் காலையில் நானும் போய் நின்றேன். இவரை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார், அந்த மரியாதையை நான் மறைக்கக் கூடாது.

"தம்பி, நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

இவர் எழுந்துவிட்டார். "ஏண்ணே? நான் என்ன தப்புச் செஞ்சேன்?"

"துஷ்டி வீட்டு வாசல்ல நின்னு, வந்தவுகளை எல்லாம் வாங்கன்னு கேட்டுட்டீக."

"துஷ்டி வீட்லயா? வாங்கன்னா கேட்டேன்?" முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ! அப்படிக் கேக்கலாமாண்ணே? வீட்டு ஆளைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவுக மனசு என்ன பாடுபட்டிருக்கும்? ரொம்பப் பெரிய தப்புண்ணே. நீங்க சொல்றது சரிதான். அப்படிப்பட்ட ஆளை வச்சிருக்கக் கூடாது."

துண்டை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தார். கும்பிட்டார். வெளியே போய் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலை நிமிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் ஈரமாக இருக்கிறது என்று விரலைப் பார்த்தார். எழுந்தார், வேட்டியைத் தட்டிக்கொண்டார், வாசலில் போய் நின்றார். முதலாளி அறையை விட்டு வெளியே வந்ததும், "வாங்கண்ணே வாங்க! இப்பத்தான் வாரீகளா? சாப்பிட்டீகளா?" என்றார்.

"ஏத்தா, இப்ப நான் என்ன செய்யிறது?" என்றார் முதலாளி.

மறுநாள் காலையிலும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். முதலாளி மறுபடியும் உட்கார வைத்து, மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே அய்யய்யோ, அதே கும்பிடு, அதே படி. ஒரு மனுஷரை வேலையை விட்டு நிறுத்துவது ஒரு தடவைக்கே கஷ்டம். தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் நிறுத்த வேண்டியிருந்தால்? அந்த மனுஷரும் தினமும் அதை முதல் தடவையாகக் கேட்டு உடைந்து போனால்? அந்த வாரம் முழுக்க இதுதான் நடந்தது. இத்தனைக்கும் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் ரெண்டாம் நாளே வேறு மண்டபம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் முதலாளிக்கு வைராக்கியம். நிறுத்தியது நிறுத்தியதுதான் என்றார். வாட்ச்மேனிடம் கேட்டைப் பூட்டச் சொன்னார். இவர் கேட்டுக்கு வெளியே நின்று ரோட்டில் போகிறவர்களைக் கேட்க ஆரம்பித்தார். ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம் போல என்று ஒரு மினி பஸ் கூட்டமே இறங்கி உள்ளே வரப் பார்த்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

"நீயே சொல்லு அவருட்ட" என்றார் முதலாளி என்னிடம்.

"சேத்து வைக்கிறதுதான்ணே என் வேலை. அத்துவிடுறது இல்லை" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேன்ல ஏத்துன டிரைவரை ஒரு வார்த்தை கேட்டீகளா?"

முதலாளி இவருடைய மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். அவள் கடைப் புடவையிலேயே வந்து நின்றாள். "ஏம்மா, வேலை இல்லைன்னு ஒனக்குத்தான் தெரியும்ல? பெறகு எதுக்குத் தெனமும் கொண்டுவந்து விடுற?"

"எனக்குத் தெரியும் ஐயா. அவருக்குத் தெரியாதே" என்றாள். "காலைல எந்திரிச்சு, வேலைக்கு நேரமாச்சுன்னு அவராச் சட்டையை எடுத்து மாட்டுறாரு. அந்த நேரம் மட்டுந்தான் அவரு பழைய ஆளா இருக்காரு. அதை என் வாயால கெடுக்க மாட்டேன். ஒங்களுக்கு வேண்டாம்னா நீங்க சொல்லிக்கங்க."

எனக்கு அவளை அங்கேயே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

வாரக் கடைசியில் அண்ணன் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ, ஊரில் இப்படிச் செய்தி போவதற்கா பஞ்சம்? வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். அன்றைக்கு நான் இருந்தேன், மனைவி இருந்தாள். காலைக் கச்சேரி அப்போதுதான் முடிந்து, இவர் படியில் அழுது எழுந்து, வாசலுக்கு வந்திருந்தார். "வாங்கண்ணே, வாங்க வாங்க! கல்யாணத்துக்கா வந்தீக? அண்ணி வரலையா?" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனோ தம்பி மனைவியைப் பார்த்து, "துணிமணியெல்லாம் எடுத்து வச்சுட்டியா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, ஊருக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. நீங்க ஒரே வார்த்தையில சொல்லிருங்க. இவன் இங்க வேலை பாக்குறானா, இல்லையா? இல்லைன்னா நான் இப்பவே கூட்டிக்கிட்டுக் கெளம்புறேன். கார் நிக்குது."

அந்தக் கேள்விக்கான பதிலை முதலாளி வாரம் பூராவும் தினமும் சொல்லிப் பழகியிருந்தார். வாயைத் திறந்தார். இவர் அண்ணன் கையை விடாமல் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்த முகமாக. தன்னைப் பற்றி அண்ணனிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போல.

"பாக்குறாரு" என்றார் முதலாளி.

அண்ணன் நம்பாமல் பார்த்தார்.

"பாக்குறாருங்க! அதான் சொல்றேன்ல?" முதலாளிக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு முகூர்த்தம் வச்சுக்கிட்டு இருக்கேன். இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா வாசல்ல யாரு, நீங்களா நிப்பீக?"

தம்பி மனைவி தலை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் காரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீகளாண்ணே?" என்றார். "எத்தனை நாளா இங்க இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் இவுக என்னைய ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்லைண்ணே."

முதலாளி முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிப் பக்கம் போனார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.